கூட யாரு வந்திருக்கா?

ஐ ஹாவ் டு வெட் தி டிரெஸ்ஸிங். புண்ணில் போட்ட கட்டை நனைக்க வேண்டும், நனைக்காமல் பிய்த்தால் துணியோடு சதையும் வரும். ஐ நீட் டு டேக் தி ஃபோர்செப்ஸ். இடுக்கியை எடுக்க வேண்டும், எடுத்தாயிற்று, தட்டில்தான் இருக்கிறது. வேலை செய்யும்போதே மனதுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருங்கள், உதடு மட்டும் அசைய வேண்டாம், உங்களையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று மெர்லின் மிஸ் சொல்லியிருந்தார். மெர்லின் மிஸ் மார்த்தாண்டத்துக்காரர். அயர்லாந்தில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பி, பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், அங்கே போக ஆசைப்படுகிற என்னைப் போன்ற நர்ஸுகளுக்கு வகுப்பு எடுக்கிறார். சனிக்கிழமை பரீட்சை. இன்று செவ்வாய். இரண்டு தரம் எழுதி, வாசிப்பில் தேறி, எழுத்தில் தேறி, காதால் கேட்பதிலும் தேறி, பேச்சில் மட்டும் விழுந்தவன் நான். காலை பத்து இருபது, ஆண்கள் சர்ஜரி வார்டு, பதினான்காம் கட்டில். கட்டிலில் ஆறுமுகநயினார், வயது ஐம்பத்தெட்டு, கல்யாண வீட்டுச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்போம், நயினார் மாஸ்டர் என்றால் அம்பாசமுத்திரம் வரைக்கும் தெரியும். வலது கால். நாளைக் காலை எட்டு மணிக்கு அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்கள். அது எனக்குத் தெரியும், இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரியும், சர்ஜனுக்குத் தெரியும், காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மகன் குமரேசனுக்குத் தெரியும், தரை துடைக்கிற பேச்சியம்மாளுக்குக்கூடத் தெரியும். காலுக்கு உரியவருக்குத் தெரியாது. அவரிடம், நாளைக்குப் புண்ணைச் சுத்தம் பண்ணப் போகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறது.

"வாங்க ஆம்பள சிஸ்டர்" என்றார் மாஸ்டர். வந்த அன்றைக்குப் பழக்கதோஷத்தில் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு, என் மீசையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டவர், மறுநாளிலிருந்து வேண்டுமென்றே கூப்பிட ஆரம்பித்தார். "வேற என்னன்னுதான்யா கூப்பிட? பிரதருன்னா பிரசங்கம் பண்ண வந்த ஆளு மாதிரில்லா இருக்கு." பன்னிரண்டாம் கட்டில் சிரித்தது. நான் வெளிச் சுற்றுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு சுற்று, இரண்டு சுற்று, கையில் சுருள் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாலாம் சுற்றில் மஞ்சள் தெரிந்தது, ஆறாம் சுற்றில் வாடை. முகக்கவசத்துக்குள் வாயால் மூச்சு விட்டேன். மாஸ்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், வாடை தன்னுடையது என்பதில் அவருக்கு ஒரு கூச்சம் உண்டு. வாழ்நாள் முழுக்க வாசனையை வைத்தே வேலை பார்த்தவர். தாளிப்பு வாசனையில் கடுகு போதுமா போதாதா என்று சொல்லுவாராம். இந்தப் புண் வந்த கதையையும் வாசனையை வைத்துத்தான் சொல்லுவார், வார்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "அடுப்புச் செங்கல்லு மேல கால வச்சு நின்னுக்கிட்டிருக்கேன், தம்பி. ஒரு வாடை வருது. பால்பாயசம் அடிப்பிடிக்குன்னு நெனச்சு, கூட நின்னவர, வே கிண்டும்வே, கை என்ன வாடகைக்கு வாங்கியாந்ததான்னு ஏசுதேன். அந்த மனுசன் முழிக்காரு. பாத்தா பாயசம் நல்லாத்தான் இருக்கு. கருகுனது எங் காலு." சர்க்கரை, காலில் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. அது ஆனி மாதம். உடனே வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும். யூ வேர் சப்போஸ்ட் டு கம். வந்திருக்க வேண்டும், வரவில்லை, அதற்குத்தான் சப்போஸ்ட் டு. ஆனி முடிய இன்னும் அஞ்சு கல்யாணம் பாக்கி இருந்தது அவருக்கு. ஆடி பிறக்கட்டும், ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அப்போது காலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சோறு வடிக்கிற மூங்கில் தட்டைப் போல ஓட்டை விழுந்த அந்தக் காலோடு அஞ்சு கல்யாணத்துக்கும் நின்றிருக்கிறார். ஆடி பிறந்து ஆறாம் நாள் வந்து சேர்ந்தார். சர்ஜன் நாள் கணக்குப் பார்த்தார், மாஸ்டர் முகூர்த்தக் கணக்குப் பார்த்தார், புண் யாரையும் பார்க்கவில்லை.

ஐ ஹாவ் டு போர் சம் மோர் சலைன். இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்துணி விடமாட்டேன் என்கிறது. காத்திருக்க வேண்டும். ஐ ஹாவ் டு வெயிட். டு எங்கே, டு எங்கே என்று மேஜையைத் தட்டுவார் மெர்லின் மிஸ், எங்களில் பாதிப் பேர் ஐ நீட் கோ, ஐ ஹாவ் வெயிட் என்றுதான் பேசுவோம். கீழே பேக்கரியில் பன் வேகிற வாசனை படியேறி வந்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பசியில் டு எல்லாம் உதிர்ந்துபோகும். மஸ்ட் வேண்டாம் என்பார் அவர். மஸ்ட் சொன்னால் நோயாளி கையைக் கட்டிக்கொள்வான். யூ நீட் டு சொல்லு. விஷயம் பெரிதாக இருந்தால் யூ மே நீட் டு சொல்லு. மனச்சாட்சி சொல்கிற இடத்தில் ஆட் டு. பிறகு எது எதற்குப் பின்னால் எந்தச் சின்ன வார்த்தை வரும் என்று ஒரு பட்டியல், ரெஸ்பான்சிபிள் ஃபார், டிபெண்ட் ஆன், இன்சிஸ்ட் ஆன், கடைசியில் அப் டு. இட்ஸ் அப் டு யூ, முடிவு உங்கள் கையில். "இந்த ஒண்ணுதான் உங்க எல்லாருக்கும் கஷ்டம்" என்றார். "விஷயத்தைப் பூரா நோயாளிகிட்டச் சொல்லணும். சொல்லிட்டு இட்ஸ் அப் டு யூன்னு சொல்லணும். அதுக்கப்புறம் வாயை மூடிக்கிடணும். வாயை மூடுறதுக்கும் மார்க்கு உண்டு." போன மாதம் மாதிரிப் பரீட்சை வைத்தார். அவர்தான் நோயாளி, நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். என் கையில் ஒரு அட்டை, அதில் நான் சொல்ல வேண்டியது, காலில் புண், ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், இவ்வளவுதான். நல்லபடியாக குட்மார்னிங் சொன்னேன், பேரைச் சொன்னேன், அடுத்த வாக்கியம் தானாக வந்தது, ஹூ ஹாஸ் கம் வித் யூ? கூட யாரு வந்திருக்கா? நோபடி என்றார் மிஸ். மகன் வெளியே நிற்கிறாரா என்றேன். எனக்கு மகன் இல்லை என்றார். சொந்தக்காரர்கள் யாராவது? பேச்சைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டினார்கள், அஞ்சு நிமிஷத்தில் நாலு தரம் கேட்டிருந்தேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அடுத்து நாகர்கோவில் ஆன்சியின் பதிவைப் போட்டார்கள், அவள் மூன்று தரம். ஜஸ்டின் எழுந்துபோய்க் கதவைத் திறந்து எட்டியே பார்த்துவிட்டான். பதினோரு பேரும் அதே தப்பு. சிரிப்பு மெல்ல அடங்கிப்போனது. நாங்கள் எல்லோரும் நல்ல நர்ஸுகள்தான், ஊசி போட்டால் தெரியாது, ராத்திரி தூங்காமல் பார்ப்போம். ஆனால் ஒரு கெட்ட செய்தியை அந்தச் செய்திக்கு உரியவரின் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்களிடம் அதற்கு வாக்கியமே கிடையாது. வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தம்பி நீங்க மகனா, கொஞ்சம் இப்படி வாங்க, இதுதான் தெரியும்.

துணி இளகியது. ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். இரண்டு விரலும் கரி, அதற்கு மேல் பாதம் பளபளவென்று வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி விட்டிருந்தது. நேற்று நான் பேனாவால் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. என் கண் கோட்டிலேயே நின்றது. "தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றார் மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடியே. "ஆவணி பன்னெண்டு, வீரவநல்லூர்ல ஒரு வீடு ஒத்துக்கிட்டிருக்கேன். ஆயிரத்தி இருநூறு எலை. மறுநாளு மறுவீட்டு விருந்துக்குத் தேங்காப்பால் சொதியும் நம்ம கைதான். இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா, அதுக்குள்ள நின்னுருவேன்லா?" என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "மகன் வரட்டும் மாஸ்டர். டாக்டர்கிட்ட கேட்டு அவருகிட்ட சொல்லச் சொல்லுதேன்." ஐந்தாம் தரம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குமரேசன் கேன்டீனுக்கு டீ வாங்கப் போயிருந்தான், வழியில் மருந்துச் சீட்டுக்கும் வரிசையில் நிற்க வேண்டும், எப்படியும் கால் மணி நேரம். ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் டெல்லிங்? சொல்வதற்குப் பொறுப்பு யார்? சர்ஜன், வீட்டு ஆட்களிடம் சொல்லியாயிற்று என்பார். வீட்டு ஆள், டாக்டர் பக்குவமாகச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டிருப்பான். இன்சார்ஜ் சிஸ்டர், அது வீட்டு விஷயம் என்பார். பந்தியில் பரிமாற வந்தவர்கள் எல்லோரும், ரசம் அவர் கொண்டு வருவார் அவர் கொண்டு வருவார் என்று கையைக் காட்டிக்கொண்டே போவதைப் போல. இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று ரவுண்ட்ஸில் சர்ஜன் இந்தக் காலைத் தொட்டுப் பார்த்து, இதே கட்டிலின் தலைமாட்டில் நின்று, வெட்னஸ்டே, பி.கே. என்றார். முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கு எங்கள் வார்டில் அதுதான் பேர். எங்கள் இங்கிலீஷ் அப்படிப்பட்டது, நோயாளியின் தலைக்கு மேலே பேசிக்கொள்வதற்கு, கட்டிலைச் சுற்றி இழுத்துவிடுகிற பச்சைத் திரையைப் போல. அதே பாஷையை, எதிரே இருக்கிற ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கென்று மாடியில் ஒருத்தர் எங்களுக்குச் சொல்லித்தருகிறார், நாங்கள் காசு கட்டிப் படிக்கிறோம். ரவுண்ட்ஸ் போனபின் மாஸ்டர் என்னிடம் கேட்டார், "பி.கே.ன்னா என்ன தம்பி?" நான் சொன்னேன், மருந்துப் பேரு.

மருந்துப் பேரு. நேற்றிலிருந்து அது என் பல்லிடுக்கில் கிடக்கிறது. பஞ்சை முக்கினேன், பிழிந்தேன், உள்ளிருந்து வெளியே துடைத்தேன், ஒரு பஞ்சு ஒரு தடவை, அதைத் தூக்கிப்போட்டு அடுத்தது. கை தன் வேலையைப் பார்க்கும்போது மனம் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றுகொள்ளும், போன வருஷம் பங்குனியில் இதே வார்டில் எட்டாம் கட்டில் பக்கத்தில் போய் நின்றது. பொன்னுலிங்கம் என்று ஒரு கண்டக்டர். அவருக்கும் சின்ன ஆப்பரேஷன் என்றுதான் சொல்லியிருந்தது. மயக்கம் தெளிந்தபோது மத்தியானம், மின்விசிறி அவர் கால்மாட்டுக்கு நேர் மேலே. "சார், கால் குளிருது, கொஞ்சம் மூடி விடுங்க" என்றார். எந்தக் கால் என்று கேட்டேன், இருக்கிற காலாக இருக்கக் கூடாதா என்று. இல்லாத காலைச் சொன்னார். நான் என்ன செய்தேன்? போர்வையை உதறி, வெறும் மெத்தையின் மேல், கால் இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில் விரித்து, ஓரத்தைச் செருகிக்கூட விட்டேன். இப்பப் பரவாயில்ல என்றார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சாயந்தரம் நாலு மணிக்கு அவரே கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கத்துவார், ஏசுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. மனைவியைப் பார்த்தார், கூட வந்திருந்த தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார். காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டுக்குப் போகிறவரை அவர் யாரிடமும் வேறு எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, தண்ணீர்கூடக் கையைக் காட்டித்தான் வாங்கினார்.

ஐ ஆட் டு டெல் ஹிம். நான் சொல்ல வேண்டும். இதை இங்கிலீஷில் நினைக்கும்போது லேசாக இருக்கிறது, இடுக்கியால் பிடித்துத் தூக்குகிற மாதிரி, கையில் ஒட்டுவதில்லை. மிஸ்டர் நயினார், ஐயம் சாரி டு டெல் யூ. தமிழில் எடுத்தால் கையெல்லாம் ஆகிறது. அதுவுமில்லாமல் புஷ்பலீலா சிஸ்டர். இன்சார்ஜ். நேற்றே என் முகத்தைப் பார்த்து எதையோ மோப்பம் பிடித்துவிட்டார். "கிளாட்சா, நீ காலுக்கு மட்டும் மருந்து போடு. மனசுக்குப் போட வேண்டாம்" என்றார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, இருபத்தேழு வருஷ சர்வீஸ், பண்டிகைக்கு லீவு எங்களுக்குத் தந்துவிட்டுத் தான் வந்து நிற்பார். "ஒருதரம் நானும் உன்னை மாதிரி மனசு கேக்காம ஒருத்தருகிட்டச் சொன்னேன். காலில்லாம இருக்கதுக்குச் சாவேம்னு குளுக்கோஸ் ஊசிய உருவிப் போட்டுட்டு ஆட்டோ ஏறிப் போயிட்டாரு. ஒன்பதாம் நாளு பெட்டியில போனாரு. அவரு வீட்டம்மா என்னயப் பாத்து, நீ சொல்லாம இருந்திருந்தா இருப்பாரேன்னு கேட்டா. நீ பதில் சொல்லுவியா?" போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார், "வேல பாத்த சர்டிபிகேட்டுக்கு அடுத்த வாரம் எங்கிட்டதான வந்து நிப்ப." அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் சனிக்கிழமை நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அயர்லாந்து கிடையாது. ஆனால் அதைவிடப் பயம் ஆட்டோதான். பஞ்சு முக்கும்போது ஆட்டோ, துடைக்கும்போது ஆட்டோ. மாஸ்டர் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை வெளியே நீட்டிக்கொண்டு, வாரேன் ஆம்பள சிஸ்டர் என்று போய்விட்டால்? என் வாய் பேசியதற்கு அவர் உயிர் விலை என்றால்? பேசாமல் இருந்தால் உயிர் இருக்கும், கால் போயிருக்கும், எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்பார். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து பிடித்தாலும் சுட்டது.

"குமரேசங்கிட்ட கேட்டா சிரிக்கான்" என்றார் மாஸ்டர். இப்போது ஜன்னலைவிட்டு என் பக்கம் திரும்பியிருந்தார். "நிக்கலாம்பா, ஓடவே செய்யலாம்பாங்கான். அவன் சின்னதுலேருந்து பொய் சொன்னா எடது காதத் தடவுவான். நேத்துலேருந்து பாக்கேன், காது செவந்து கெடக்கு." நான் புதுத் துணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். "எனக்கு வைத்தியம் ஒண்ணும் வெளங்க வேண்டாம், தம்பி. நிக்க முடியுமா, முடியாதா. முடியாதுன்னா வீரவநல்லூர்க்காரருகிட்ட நான் இன்னைக்கே சொல்லணும். ஆவணியில நல்ல கைக்காரன் ஒருத்தன் சும்மா இருக்க மாட்டான், எல்லாவனும் தேதி குடுத்திருப்பான். கடைசியில போய்ச் சொன்னா அவரு எங்க போவாரு? பொண்ணக் கெட்டிக் குடுக்கவன் எலைக்கு முன்னால தலகுனிஞ்சு நிக்கக் கூடாது. நான் ஒத்துக்கிட்ட வீடு." அவர் குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. உப்புப் போட்டாயிற்றா என்று விசாரிக்கிற குரல். எனக்குள்ளே வாக்கியங்கள் வந்து வரிசை கட்டின, யூ மே நீட் டு, யூ ஆர் கோயிங் டு ஹாவ் டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் அவர் முகத்தில் போய் உட்கார இடம் இல்லை. இவ்வளவு நேரம் நான் என் சர்டிபிகேட்டையும் என் பயத்தையும் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், இந்த மனிதர் காலைப் பற்றிக்கூடப் பேசவில்லை, யாரோ ஒருவருடைய பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நாங்கள் மறைத்து வைத்திருப்பது அவருடைய காலை மட்டுமில்லை, அவர் கொடுத்த வாக்கையும்தான். "அவங்க வேற ஆள் பாக்குறது நல்லது, மாஸ்டர்" என்றேன். சொன்னது நான்தானா என்று இருந்தது.

அவர் தலையை ஒரு தரம் ஆட்டினார். "அப்ப ஆவணி போச்சு. புரட்டாசியில கல்யாணம் கெடையாது. ஐப்பசி?" நான் தலையை அசைத்தேன். இல்லை. "கார்த்திய?" இல்லை. பன்னிரண்டாம் கட்டில் ரேடியோவைக் குறைத்தது. "மார்கழிய விடும். தை? தையில எட்டு முகூர்த்தம் வருது." அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கதவைப் பார்க்கவில்லை, மகனைத் தேடவில்லை, அவரையே பார்த்தேன், என் கழுத்து வலமும் இடமும் போய் வந்தது. மாசி, பங்குனி என்று அவர் வாய் திறந்து, சொல்லாமல் மூடியது. வெளியே வராந்தாவில் யாரோ ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. "எதுவரைக்கும் எடுக்காங்க?" என்றார். கையுறையைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. வெறும் கையை அவர் முழங்காலுக்குக் கீழே, நாலு விரல் தள்ளி வைத்தேன். தோல் வெதுவெதுப்பாக, நல்ல தோலாக, ரோமத்தோடு இருந்தது. "இதுவரைக்கும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு." "எடுக்காட்டா?" "விஷம் மேல ஏறிக்கிட்டே இருக்கு. நேத்து கோடு போட்டது அந்தா. இன்னைக்கு இவ்வளவு. எடுக்காட்டா உயிருக்கு ஆபத்து." பிறகு, "பி.கே.ன்னா மருந்து இல்ல மாஸ்டர். இதுதான். நேத்து நான் பொய் சொன்னேன்." "தெரியும்" என்றார். "மருந்துப் பேர எந்த டாக்டரு அவ்வளவு மெதுவாச் சொல்லுதாரு." சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை. நான் கடைசி ஒன்றையும் சொன்னேன். "உங்க காலு. முடிவும் உங்களோடதுதான்." சொல்லிவிட்டு வாயை மூடினேன். வாயை மூடுவதற்கு மார்க் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. செயற்கைக் கால் இருக்கு மாஸ்டர், நடக்கலாம் மாஸ்டர், எத்தனை பேர் நடக்கிறார்கள், கடவுள் இருக்காரு, எதையாவது அள்ளி அந்தப் பள்ளத்தில் கொட்டி நிரப்பிவிட வேண்டும் என்று இருக்கிறது. கொட்டவில்லை. குளுக்கோஸ் குழாயில் சொட்டு விழுந்தது, அடுத்தது விழுந்தது. அவர் கை ஊசி குத்தியிருக்கிற இடத்துக்குப் போனது. ஆட்டோ என்று எனக்குள்ளே ஒன்று கத்தியது. அவர் அந்த இடத்தில் அரித்ததைச் சொறிந்துகொண்டு கையை எடுத்துவிட்டார்.

தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எண்ணைத் தேடி, தூரத்தில் பிடித்து, அழுத்தினார். நான் போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் வேறு கையுறையை மாட்டிக்கொண்டு புதுத் துணியை மடித்து வைத்துக் கட்ட ஆரம்பித்தேன். நாளை இருக்காத பாதத்துக்கு இன்றைக்கு ஒழுங்காகக் கட்ட வேண்டும், நுனியிலிருந்து, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏற. "அண்ணாச்சி, நான் நயினாரு பேசுதேன். சௌக்கியந்தான். இல்ல, சௌக்கியமில்ல, அதுக்குத்தான் கூப்பிட்டேன். பன்னெண்டாம் தேதிக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க. சே சே, கோவமா, உங்க மேல எனக்கு என்ன கோவம். கால எடுக்காங்க அண்ணாச்சி." அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ. "காலத்தான். ஆமா. நாளைக்கு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்தார், குரலைத் துடைக்கவில்லை, அது சரியாகத்தான் இருந்தது. "கல்லிடைக்குறிச்சி சங்கரமூர்த்திய இன்னைக்கே போய்ப் பிடிங்க. சாம்பார் வச்சான்னா கைய நக்கிக்கிட்டே இருக்கலாம். பாயசத்துக்குச் சீனி போடும்போது மட்டும் பக்கத்துல ஒருத்தரு நின்னு கையப் பிடிச்சு நிறுத்தணும்." போனை வைத்தார். எடுக்க ஒத்துக்கொண்டாரா? நாளைக்கு என்றாரே, அப்படியென்றால் சரி என்றுதானே? கேட்கக் கூடாது, கேட்டால் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும். கட்டின் முனையில் பிளாஸ்திரியை ஒட்டினேன். "அந்த டாக்டர வரச் சொல்லும்" என்றார். "என்கிட்டப் பேசணும். தலமாட்டுல நிக்க வேண்டாம், இந்தா இப்படி முன்னால நின்னு பேசச் சொல்லும். எங் காலுக்கு எங் கையெழுத்துல்லா வேணும்? அவரு பேசின பொறவு பேப்பர வாங்கிட்டு வாரும்." சரி மாஸ்டர் என்றேன். "மெதுவாப் போவும்" என்றார், "நாளைக்குத்தான."

தட்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வார்டின் அந்தக் கோடியில் புஷ்பலீலா சிஸ்டர் மேஜையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும்? சிஸ்டர், நான் சொல்லிட்டேன். அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒட்டவும் பின்னால் ஒட்டவும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏசுவார், சர்ஜனிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார், அடுத்த வாரம் பேனாவை எடுக்காமலே இருப்பார், இருக்கட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை, ஆனாலும் கால் அந்த மேஜையைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் குமரேசன் எதிரே வந்தான், ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் மருந்துப் பை, முகத்தில் அப்பாவுக்கென்று வாசலிலேயே போட்டுக்கொண்டு வருகிற சிரிப்பு. "அப்பா தூங்குதாரா சிஸ்டர், இல்ல, சார்?" என்றான். அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தம்பி கொஞ்சம் இப்படி வாங்க என்று சொல்லலாம், சொல்லியாயிற்று என்று எச்சரிக்கலாம். வண்டியை நிறுத்தினேன். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது, நூறு பேருக்கு நடுவில் கேட்கிற அடுப்பங்கரைக் குரல் அல்ல, இப்படி ஒரு தணிந்த குரலை அவரிடம் நான் அதுவரை கேட்டதில்லை.

"ஏல குமரேசா, இங்க வாய்யா. ஃபிளாஸ்க்கக் கீழ வச்சுட்டு இப்படிக் கிட்ட உக்காரு. அப்பா ஒண்ணு சொல்லப் போறேன். நீ பதறக் கூடாது, என்னா?"

"என்னப்பா?" என்றான் குமரேசன், ஒன்றும் தெரியாதவனைப் போல.

மாஸ்டர் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, பக்குவமாக, அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.